மழை பொய்த்த ஆண்டின் காய்ச்சல்

1908-ஆம் ஆண்டுப் பஞ்சாபிலிருந்து தொடங்குவோம். கொட்டித் தீர்த்த பருவமழை, வயலெல்லாம் வெள்ளக்காடு, அதன் பின்னாலேயே வந்து சுமார் 3 லட்சம் உயிர்களைக் கொண்டுபோன மலேரியா. வெள்ளம் வந்தால் கொசு வரும், கொசு வந்தால் காய்ச்சல் வரும் என்று நாம் இன்றும் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் கால் நூற்றாண்டு கழித்து இலங்கையில் நடந்தது இந்தக் கணக்கையே புரட்டிப் போடுகிறது. 1934-35-இல் அந்தத் தீவில் சுமார் 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா, மழை பொய்த்ததால் வந்தது.

இலங்கையின் தென்மேற்குப் பக்கம் ஈரவலயம். களனி கங்கை, மகா ஓயா போன்ற ஆறுகள் நல்ல ஆண்டுகளில் கரைபுரண்டு ஓடும். அங்கே மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற கொசுவுக்கு ஓடும் நீர் ஆகாது. முட்டையையும் புழுவையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த தேங்கல் நீர். 1934-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணற்படுகையில் ஆங்காங்கே குட்டைகளாகச் சுருங்கின. குடிக்கலாம்போல் தெளிந்திருந்த அந்தக் குட்டைகளின் மேற்பரப்பில், தண்ணீரோடு தண்ணீராகக் கிடைமட்டமாக ஒட்டிக் கிடந்தன புழுக்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஆண்டு முடிவதற்குள் கேகாலை, குருநாகல் பகுதிகளின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. சுமார் 55 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 15 லட்சம் பேர்வரை நோயில் விழுந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்து பழகிய உலர்வலயத்து மக்கள் அந்த அளவுக்கு அடிபடவில்லை. அவர்கள் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஈரவலயத்து மக்களுக்கு அது இல்லை.

அப்படியானால் கொசுப் பெருக்கமும் எதிர்ப்புச் சக்திக் குறைவும் போதாதா, வேறு காரணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வயிறார உண்டவனையும் கொசு கடிக்கும், அவனுக்கும் காய்ச்சல் வரும். எத்தனை பேர் படுத்தார்கள் என்பதற்கு அந்த இரண்டு காரணங்களும் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். எத்தனை பேர் எழுந்திருக்கவில்லை என்பதற்கு அவை போதா. பஞ்சாப் கொள்ளைநோயை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் மழையளவை மட்டும் பார்க்காமல் தானிய விலையையும் சேர்த்துப் பார்த்தார். வெள்ளமும் விலையேற்றமும் ஒரே ஆண்டில் சேர்ந்தபோதுதான் காய்ச்சல் கொள்ளைநோயாக வெடித்தது என்பது அவர் கண்ட முடிவு. இந்த முடிவில் பசியைப் பற்றிய பகுதி இலங்கைக்கும் பொருந்துகிறது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தேங்காய்க்கும் ரப்பருக்கும் விலை சரிந்தது, கூலி வேலை போயிற்று. அதற்கு மேல் வறட்சியும் சேர்ந்தது. நடுங்கி எழுந்து, மறுபடி விழுந்து, இரத்தம் வற்றிய உடம்பு தேறுவதற்குச் சோறு வேண்டும். அது வீட்டில் இல்லை. செத்தவர்களில் குழந்தைகள் ஏராளம்.

இதை அன்றைக்கே கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். போர் நினைவுநாளில் பாப்பிப் பூவுக்குப் பதிலாகப் பூவரசம்பூ விற்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், மருத்துவர் எஸ்.ஏ.விக்கிரமசிங்கவோடு கிராமம் கிராமமாகப் போனார்கள். கொயினா மாத்திரையோடு நின்றுவிடாமல் மார்மைட்டும் பருப்பும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான என்.எம்.பெரேராவுக்குப் 'பரிப்பு மாத்தயா' என்றே பெயர் விழுந்தது. பருப்பு கொடுத்த ஐயா என்று பொருள். அதே குழுவினர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சியின் பெரேரா ருவன்வெல்லையிலும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்றார்கள். மருந்தையும் உணவையும் சேர்த்துக் கொடுத்தவர்களை மக்கள் மறக்கவில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: டி.டி.டி. வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பார்கள். 1963 அக்டோபரில் ஹைட்டியைத் தாக்கிய ஃப்ளோரா சூறாவளி, சுவர்களில் அடித்திருந்த டி.டி.டி.யைக் கழுவிக்கொண்டு போயிற்று. கூரை இழந்தவர்கள் வெட்டவெளியில் படுத்தார்கள். தொடர்ந்து சுமார் 75,000 பேருக்கு மலேரியா கண்டது. அதே 1963-இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். போய்விட்டது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகள் லட்சக்கணக்கில் பெருகிவிட்டார்கள். மறுபக்கம், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் மலேரியா பொங்கும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். பொங்கவில்லை. இரத்தப் பரிசோதனையும் மருந்தும் இடையறாமல் நடந்துகொண்டிருந்தன. 2016-இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆக, மழை, வறட்சி, புயல் எது வந்தாலும் கொசுவுக்குத் தேங்கல் நீர் கிடைத்துவிடும். அதற்குப் பின் எத்தனை பேர் சாவார்கள் என்பதை முடிவு செய்வது ஆட்சியும் சோறும் மருந்தும்தான் என்பது என் துணிபு.

டெங்கு இந்தப் பாடத்தை நம் வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. இலங்கையில் 2017-இல் 1,86,000 பேருக்குமேல் டெங்கு கண்டபோது மே மாத வெள்ளத்தின்மீது பழி போட்டார்கள். வெள்ளத்துக்கு முன்பே காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, குழாயில் தண்ணீர் வராத தெருவின் பிளாஸ்டிக் டிரம்மில் கோடையிலும் வளரும். ஆகவே டிரம்மையும் தொட்டியையும் மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த புயலுக்குப் பின் உங்கள் ஊருக்குப் புகையடிக்கும் வண்டி வந்தால், காய்ச்சல் முகாம் எங்கே, ரேஷன் அரிசி எங்கே, குடிநீர் எப்போது வரும் என்று அதிகாரிகளிடம் கேளுங்கள்.