தாத்தா கட்டிய புத்தகம்

மாதவரத்தில் எங்கள் வீட்டுப் பீரோவின் மேல், பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. எந்தப் பதிப்பகமும் அதை வெளியிடவில்லை. 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' முதல்முறை தொடராக வந்தபோது, பக்கங்களை வாராவாரம் எடுத்து வைத்து என் தாத்தா கட்டிய பைண்டு அது. ஐந்து பாகங்களில் நடுப்பாகம் ஒன்றுதான் மிச்சம். இந்த மாதிரிப் புத்தகம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கும். இன்று தேடினால் கிடைப்பது அபூர்வம்.

அதன் கதை காகிதத்திலிருந்து தொடங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் செய்தித்தாள் காகிதம் இந்தியாவில் தயாராகவில்லை. மத்தியப் பிரதேசத்தில் நேபா ஆலை ஓட ஆரம்பித்தது அந்தப் பத்தாண்டின் நடுவில்தான். அதுவரை கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் வெட்டிய ஊசியிலை மரங்கள் கூழாகி, உருளையாகி, கப்பலேறி வந்தன. மதராஸ் துறைமுகத்தில் இறங்கி, ராயபுரம் பக்கத்துக் கிடங்குகளைத் தாண்டி அச்சகங்களுக்குப் போயின. சோழநாட்டுக் கதை பனிநாட்டு மரத்தின் மேல் அச்சானது. மரத்தை அப்படியே அரைத்துச் செய்த காகிதம் என்பதால் அதிலிருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், நாளானால் அமிலம் ஊறி முறுகும். ஒரு வாரம் படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்கென்றே செய்த தாள் அது. அதை 70 வருஷம் தாங்க வைத்தவர்கள் வீட்டு மனிதர்கள்.

'கல்கி' 1941இல் தொடங்கியது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29 இதழில் ஆரம்பித்து 1954 மே வரை ஓடியது. படம் வரைந்தவர் மணியம். தொடர் முடிந்த அதே வருஷம் டிசம்பர் 5இல், அதை எழுதிய கல்கி காலமானார். இதழின் விற்பனை அந்த நாட்களில் 70,000ஐத் தாண்டியது. விற்ற பிரதிதான் அவ்வளவு. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சொன்ன கணக்குப்படி ஒரு பிரதியை நாலு வீடு படிக்கும். தாத்தா பெரம்பூரில் மில் வேலை. ஷிப்டு முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தால் ஆயா வாசிக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் வந்து கேட்பார்கள். வந்தியத்தேவன் குதிரையேறினால் அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். எல்லா வீடும் சுற்றி முடித்து, முனை மடங்கி, எண்ணெய்க் கறையோடு இதழ் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் தாத்தா கையில் எடுப்பார்.

நடுவில் இருக்கும் இரண்டு பின்னையும் நிமிர்த்தி எடுத்தால் தாள்கள் ஜோடி ஜோடியாகக் கழன்று வரும். தொடர் இருக்கும் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கத்தரித்துவிட வேண்டும். ஒரு பாகம் சேர்ந்ததும் அத்தியாய எண்ணைச் சரிபார்த்து அடுக்கி, மேலே கல் ஏற்றி இரண்டு நாள் விடுவார். பிறகு குத்தூசியால் ஓரத்தில் துளை போட்டு, மெழுகு தேய்த்த சணல் நூலை மூன்று துளைக்குள் வாங்கி இழுத்துக் கட்டுவார். பசை மைதா மாவுக் கஞ்சி. அதில் மயில் துத்தம் ஒரு சிட்டிகை போடாவிட்டால் கரப்பானும் பூச்சியும் ஆறு மாதத்தில் தின்று தீர்த்துவிடும். முதுகுக்குக் காலிகோ துணி, பக்கத்துக்கு மில் அட்டை. ஓரம் வெட்ட மட்டும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டு மெஷின் அழுத்துக்கு ஒரு பக்கமாக மூன்று பக்கமும் சீராக்கிவிடும். எங்கள் பைண்டில் அந்த வெட்டு சில இடங்களில் கொஞ்சம் ஆழமாகவே இறங்கியிருக்கிறது. மணியம் வரைந்த ஒரு யானையின் வால் நுனி இல்லை. ஓரத்தில் தைத்ததால் புத்தகம் முழுசாக விரியாது. உள்பக்க வரிகளைப் படிக்க ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் இப்போது தாள் ஒடிகிறது.

நாவலுக்காக இதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமையானது. எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் 'பொன்னியின் செல்வன்' இல்லாத அரங்கைக் காண்பது கஷ்டம். ஆனால் மறுபதிப்பில் வராத ஒன்று இந்தப் பைண்டில் இருக்கிறது. அது ஒவ்வொரு தாளின் பின்பக்கம். ஒரு தாளில் குந்தவை பேசுகிறாள், அதைத் திருப்பினால் அமிர்தாஞ்சன் விளம்பரம். இன்னொன்றின் பின்னால் முதல் பொதுத்தேர்தல் பற்றி ஏதோ கட்டுரையின் நடுத்துண்டு. தலையும் இல்லை, வாலும் இல்லை. 1952 ஜூனில் ராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததற்கு முன்னும் பின்னும் என்று பிரித்துப் பார்க்கும்படி அரிசி, ரேஷன் பற்றிய பேச்சு அங்கங்கே தட்டுப்படுகிறது. யாரும் சேர்க்க நினைத்துச் சேர்த்ததில்லை. கதை வேண்டும் என்று எடுத்தார்கள், காலம் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளைக்காரர் வீடுகளில் துணுக்குகளை வெட்டி ஒட்டி ஆல்பம் வைப்பார்களே, நம் வீடுகளில் அந்த வேலையைச் செய்தது இந்தத் தொடர்கதை பைண்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடர்கதையைச் சேர்த்துக் கட்டுவது லண்டனிலும் நடந்திருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836, 37இல் மாத வெளியீடாக வந்தபோது வாசகர்கள் அவற்றைச் சேர்த்துக் கட்டினார்கள். பைண்டர்கள் பச்சை மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் பிய்த்தெறிந்துவிட்டுக் கதையை மட்டும் தைத்தார்கள். இன்று ஏலத்தில் அதிக விலை போவது அந்த மேலட்டையும் விளம்பரமும் கழியாமல் தப்பிய பிரதிகள்தான்.

நம் ஊரில் இந்தப் பைண்டுகள் போன வழி வேறு. பெரியவர் காலமானதும் பெட்டி திறக்கும், பழைய பேப்பர் கடையின் தராசு வரும். கட்டின புத்தகம் என்றால் அட்டையைப் பிய்த்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் கடைக்காரர் அதைத் தனியே எடுத்து வைப்பார், அந்த நாட்களில் அது சென்னையில் பழைய புத்தகம் விற்ற மூர் மார்க்கெட்டுக்குப் போகும். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தபோது இப்படிப் போய்ச் சேர்ந்தவையும் எரிந்தன. எத்தனை வீடுகளின் ஊசி நூல் அந்த ஒரே நாளில் சாம்பலானது என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இதையெல்லாம் குப்பை என்று நினைக்காத ஒருவர் செட்டிநாட்டில் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், கடிதம், பத்திரிகை நறுக்கு என்று கைக்குக் கிடைத்த அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் ஏறக்குறைய 1 லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் அது கடல் தாண்டிப் போகவில்லை, சென்னைக்கு வந்தது. முதலில் முகப்பேரில், இப்போது தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அழைப்பிதழையும் நோட்டீஸையும் வைத்து வரலாறு எழுதலாம் என்று நம் ஆட்களுக்குக் காட்டிய இடம் அது. ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் வீட்டு பைண்டுகளுக்கென்று ஒரு அலமாரி ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. 'இந்த நாவல் ஏற்கெனவே இருக்கிறது' என்று திருப்பி அனுப்பக் கூடாது. அந்தப் பைண்டு இன்னொரு இடத்தில் இருக்காது.

மாதவரம் இரண்டு மெட்ரோ பாதைகளுக்குத் தொடக்க இடமாகிறது. பழைய ஓட்டு வீடுகள் அடுக்குமாடியாகின்றன, பரண் என்ற இடமே இல்லாமல் போகிறது. எங்கள் வீட்டிலும் இடிக்கும் பேச்சு வந்தபோது பெட்டியைக் காலி செய்யத்தான் உட்கார்ந்தோம். ஆயா அப்போது படுக்கையில் இருந்தார். "அத்த மட்டும் தூக்கிப் போட்ராத நைனா, உங்க தாத்தா கட்னது" என்றார். அன்றுதான் நான் அதை முதல்முறையாக ஒழுங்காகப் புரட்டினேன்.

நடுவில் ஏழு தாள்கள் அச்சில்லை. ரூல் போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாளில், பென்சிலில், பொடிப்பொடியான கையெழுத்து. கேட்டேன். ஒரு வாரம் இதழ் கை மாறிப் போய்த் தொலைந்துவிட்டதாம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து ஒரே ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஆயாவே அந்த அத்தியாயம் முழுவதையும் பார்த்து எழுதியிருக்கிறார். மணியம் படம் இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'படம்: படகு' என்று எழுதி வைத்திருக்கிறார். தாத்தா அந்த ஏழு தாளையும் மற்றவற்றோடு சேர்த்தே தைத்திருக்கிறார். ஊசி ஏறிய துளை எல்லாவற்றிலும் ஒரே நேராக இருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அப்போது புத்தகம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. எடுத்தபோது கீழ்ப்பாதி நனைந்து ஊறியிருந்தது. வெயிலில் போடவில்லை, போட்டால் தாள் சுருண்டு நொறுங்கும். பத்துத் தாளுக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் செருகி, ஃபேன் காற்றில் வைத்து, செருகின தாளை நாலு மணிக்கொரு தரம் மாற்றினேன். ஐந்து நாள் ஆனது. பச்சைக் காலிகோவின் சாயம் முதல் சில பக்கங்களில் இறங்கிவிட்டது. முதல் பக்கத்தில் தாத்தா பவுண்டன் பேனாவில் எழுதியிருந்த பெயர் கரைந்து ஒரு நீலத் திட்டாகிவிட்டது. ஆயாவின் பென்சில் எழுத்தில் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை.