ஐ.எச்.இ. டெல்ஃப்ட் நீர்க்கல்வி நிறுவனம்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலுள்ள பட்டமேற்படிப்பு, ஆய்வு நிறுவனம். நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்த இந்நாட்டில், 1953ஆம் ஆண்டு வடகடல் வெள்ளம் 1,800க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கரை, வடிகால், அணை அமைப்பதில் டச்சுக்காரர் பெற்ற பட்டறிவை அயல்நாட்டுப் பொறியாளர்களுக்குக் கற்பிக்கும் படிப்பாக 1957இல் இது தொடங்கியது. 2003இல் யுனெஸ்கோவின் அங்கமானது. 2017 முதல் அதன் ஆதரவில் தனி அமைப்பாக இயங்குகிறது.

பாசனம், குடிநீர், துப்புரவு, வெள்ளத் தடுப்பு, நீர் மேலாண்மை ஆகிய துறைகளில் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளும் குறுகியகாலப் பயிற்சிகளும் உண்டு. மாணவர்களில் பெரும்பாலோர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். பணியிலிருந்தபடி படிக்க வருவோர் பலர். நாடு திரும்பியதும் கற்றதை அவர்கள் உள்ளூர் நீர்ச் சிக்கல்களுக்குப் பயன்படுத்துவதே இக்கல்வியின் நோக்கம்.