பான்ஸில் புள்ளிகள்: கிளிப்பர்ஸும் காசநோய்க் கட்டியும்

மூளைத்தண்டின் நடுவில் இருக்கும் பான்ஸ் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். கண் அசைவு, முக உணர்ச்சி, நடை, பேச்சு ஆகியவற்றுக்கான நரம்புப் பாதைகள் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அங்கே அழற்சி வந்தால், காரணம் எதுவானாலும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் இரண்டாகத் தெரிவார், நடை தள்ளாடும், நாக்கு குழறும், கன்னம் மரத்துப்போகும்.

இப்படி வருகிறவருக்குக் கிளிப்பர்ஸ் என்ற அரிய நோயும் இருக்கலாம், காசநோயால் (டி.பி.) மூளையில் வந்த கட்டியும் இருக்கலாம். புதுச்சேரிக்கு இந்த ஒப்பீடு ரொம்பவே பொருந்தும். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரும், அரசு மார்பு நோய் மருத்துவமனையும் ஒரே கோரிமேட்டில் இருக்கின்றன. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து நோயாளிகளும் அங்கேதான் வருகிறார்கள். நம் ஊரில் டி.பி.யை ஒதுக்கிவிட்டு மூளை அழற்சியைப் பற்றி யோசிக்கவே முடியாது.

கிளிப்பர்ஸை 2010இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பிட்டாக்கும் சக மருத்துவர்களும் 8 நோயாளிகளை வைத்து விவரித்தார்கள். சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி லிம்போசைட் அணுக்கள் வந்து மொய்த்துக்கொள்கின்றன. காரணம் இன்னும் பிடிபடவில்லை. மருந்து செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், பான்ஸின் மேல் மிளகுத்தூளைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்துத் திசுவை அழுத்தாது, வளையமாகவும் இருக்காது. காசநோய்க் கட்டியோ பெரும்பாலும் வளையமாக ஒளிரும், சுற்றிலும் நீர் கோத்திருக்கும், அக்கம்பக்கத்தை நெருக்கும். ஆனால் தொடக்க நிலைக் கட்டி சிறியதாக, வளையமே இல்லாமல் இருக்கவும் கூடும். படத்தை மட்டும் நம்பினால் அங்கேதான் சறுக்கும்.

சிகிச்சை தொடங்கியதும் இந்த இரண்டும் மருத்துவரை எதிரெதிர் வழிகளில் ஏமாற்றுகின்றன. கிளிப்பர்ஸ் ஸ்டீராய்டுக்குச் சட்டென்று பணியும். நரம்பு வழியாகச் சில நாள் மெத்தில்பிரெட்னிசலோன் ஏற்றியதும் நடை தேறும், படத்தில் புள்ளிகள் மங்கும். ஆனால் ஸ்டீராய்டு காசநோய்க் கட்டியின் வீக்கத்தையும் வற்றவைக்கும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றையும் சில வாரம் மறைத்து வைக்கும். கிளிப்பர்ஸ் என்று சொல்லப்பட்ட சிலருக்குப் பின்னால் லிம்போமா வெளிப்பட்டிருக்கிறது. எனவே முதல் வார முன்னேற்றத்தை வைத்து நோயின் பெயரை முடிவு செய்யக் கூடாது.

காசநோயில் ஏமாற்றுவது பின்னடைவு. சரியான மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடும்போதே, செத்த கிருமிகளின் மீது உடலின் எதிர்ப்பு பாய்ந்து கட்டி பெரிதாகலாம். குடும்பத்தார் பதறுவார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்துவதுதான் அப்போது செய்யக்கூடிய பெரிய தவறு. 9 முதல் 12 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் மாத்திரை தொடர வேண்டும். இடையில் வீக்கத்துக்கு ஸ்டீராய்டும் சேரும். மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், ஸ்டீராய்டை உடலில் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதையும் அளவு கணக்கிடும்போது மறக்கக் கூடாது.

ஸ்டீராய்டு காசநோயையும் லிம்போமாவையும் மறைத்துவிடக்கூடும் என்பதால்தான் அதன் முதல் ஊசிக்கு முன்பே முதுகுத் தண்டு நீரை எடுத்துக் கிருமிக்கும் புற்று அணுக்களுக்கும் சோதிக்க வேண்டும். மார்பு ஸ்கேனும் எச்.ஐ.வி. பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். பான்ஸில் ஊசி விட்டுத் திசு எடுப்பது ஆபத்தான வேலை. சிறுமூளையில் புள்ளி இருந்தால் அங்கே எடுப்பது ஓரளவு பாதுகாப்பானது. மூன்று மாதத்தில் மறுபடி ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதை நான் செலவாகவே நினைக்க மாட்டேன்.

டி.பி. நோயாளிக்கு அரசின் இலவச மாத்திரை உண்டு, விட்டுவிட்டால் தேடி வரும் களப்பணியாளர் உண்டு. கிளிப்பர்ஸ் நோயாளிக்கு அப்படி யாரும் இல்லை என்பது எனக்கு உண்மையான கவலை. உடம்பு தேறியதும், முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று அவரே ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்துவிடுவார். பிரெட்னிசலோன் தினம் 20 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போதுதான் நோய் பெரும்பாலும் திரும்புகிறது. எந்த அளவில் திரும்பியது என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக் கொடுத்தால், அடுத்து பார்க்கும் மருத்துவர் அதற்குக் கீழே இறங்கும் முன்பே மெத்தோட்ரெக்சேட் போன்ற துணை மருந்தைத் தொடங்கிவிட முடியும்.