சிரிப்பு மேடையும் ஸ்லிவ்னிட்சாப் போரும்

நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாது ஆர்வத்தினால் மட்டும் நடிக்கும் அமெச்சூர் குழுக்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் ஆங்கில நாடகங்களில் பெர்னாட் ஷாவின் 'ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்' ஒன்று. காரணம் வெளிப்படை. பேசும் பாத்திரங்கள் எட்டே, அங்கங்கள் மூன்று, நிகழ்விடம் ஒரே வீடு. செர்பியப் படையில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் நாட்டான் ஒருவன், தோற்று ஓடி, பல்கேரிய மேஜரின் மகள் அறையில் இரவில் புகுகிறான். அவன் தோட்டாப் பையில் இருப்பதோ சாக்லேட்! வீரம் பற்றிய வெற்றுக் கனவுகளை ஷா இப்படித்தான் கலைக்கிறார். 1894 ஏப்ரல் 21இல் லண்டனில் முதன்முதலாக மேடையேறிய இந்தக் காதல் நகைச்சுவை இன்றும் சிரிப்பூட்டுகிறது.

ஆனால், அதன் பின்னணியில் உள்ள போர் கற்பனையன்று. உதுமானியப் பேரரசின் மேலாட்சியில் இருந்த கிழக்கு ருமேலியா 1885 செப்டம்பரில் பல்கேரியாவுடன் இணைந்தது. அதைப் பொறாத செர்பிய மன்னர் மிலான் நவம்பர் 14இல் போர் தொடுத்தார். துருக்கியர் பக்கமிருந்தே தாக்குதல் வருமென எண்ணித் தென்கிழக்கு எல்லையில் நின்ற பல்கேரியப் படை, நாட்டின் குறுக்கே விரைந்து வந்து, நவம்பர் 17 முதல் 19 வரை ஸ்லிவ்னிட்சாவில் பொருது வென்றது. 1886 மார்ச் 3இல் புக்காரெஸ்டில் சமாதானம் கையெழுத்தாயிற்று.

இப்னு கல்தூன் ஹிஜ்ரி 779இல் எழுதிய 'முகத்திமா'வில், வந்த செய்தியை வந்தவாறே ஏற்காது, நிகழக்கூடியதுதானா என நிறுத்துப் பார்க்குமாறு வற்புறுத்துகிறார். ஹதீஸ் கலையோ, சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று வினவும். அவ்வினாவை இந்நாடகத்திடமும் கேட்போம். ஷா முதலில் எந்த நாடென்று குறிக்காமலே இதை எழுதினார். பொருத்தமான போர் ஒன்றைச் சொல்லுமாறு நண்பர் சிட்னி வெப்பைக் கேட்டபோது கிடைத்ததே செர்பிய - பல்கேரியப் போர். பிறகு அந்நாட்டு விவரங்களை அவருக்கு அளித்தவர்கள், ருஷ்யாவிலிருந்து வந்த ஸ்டெப்னியாக்கும் பல்கேரியாவில் பணிபுரிந்த ஒரு ருஷ்யக் கடற்படை அதிகாரியும் ஆவர். அறிவிப்பாளர் வரிசையில் பல்கேரியர் ஒருவரையும் காணோம்!

விளைவு என்ன? நாடகத்தில் பல்கேரியப் படைக்கு ருஷ்யர்கள் தலைமை தாங்குகின்றனர். வரலாற்றிலோ, ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் சினங்கொண்டு தம் அதிகாரிகளைப் போருக்கு முன்பே திரும்ப அழைத்துக்கொண்டார். கேப்டன் பதவிக்கு மேல் உயராத பல்கேரிய இளைஞர்களே படையை நடத்தினர். 'தளபதிகளைக் கேப்டன்கள் வென்ற போர்' என அது பெயர் பெற்றதும் அதனாலேயே. அந்தப் புகழை மறைத்த நாடகம், தினமும் கழுவிக்கொள்வது உடலுக்கு ஆகாது எனப் பேசும் மேஜரைக் காட்டி, அம்மக்களைச் சிரிப்புக்கும் ஆளாக்குகிறது.

பிறர் புனைந்த கதைகளில் தம் முகம் கோணலாய்த் தெரியக் கண்ட வேதனை முஸ்லிம்களாகிய நமக்குப் புதிதன்று. ஆகவே, பல்கேரியரின் மனக்குறையை நாம் எளிதில் உணரலாம். இதனால் நாடகத்தை ஒதுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. உயிர்மீது ஆசை கொண்ட சிப்பாயைப் பற்றி அது சொல்வது எந்நாட்டுக்கும் உண்மை. அதை மேடையேற்றும் குழுவினர் நிகழ்ச்சித் தாளில் ஸ்லிவ்னிட்சாவின் வரலாற்றை நாலு வரியில் அச்சிடட்டும். சிரித்து மகிழ்ந்தவர்கள், அப்போரை வென்றவர் யார் என்பதையும் அறிந்து வீடு திரும்புவர்.