ஆதிச்சநல்லூர் இரும்பும் துருவும்

தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலிக்குக் கிழக்கே உள்ள மேட்டுநிலம் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே அகழ்ந்தார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, முதுமக்கள் தாழிகளோடு வாள், ஈட்டி முதலிய இரும்புக் கருவிகளையும் கண்டெடுத்தார். துயருற்ற சுற்றத்தார் மண்ணிற் குத்திச் சென்றாற்போல, அவை முனை கீழாகவே நின்றன என்று அவர் எழுதினார்.

அங்குக் கிடைத்த பொற்பட்டங்கள் மங்கவில்லை, இரும்போ துருவேறியிருந்தது. இஃது ஏன்? இரும்பு ஈரத்தோடும் பிராணவாயுவோடும் கூடித் துருவாகிறது. மண்ணிலுள்ள உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. துரு பொருமிச் செதிலாய் உதிர, அடியிலுள்ள இரும்பும் அரிக்கப்படுகிறது. பழைய மோட்டார் வண்டியில் துருவின்மேல் வர்ணம் பூசினால், அது உள்ளேயே வளரும். பழம்பொருளுக்கும் அதுவே விதி: உப்பை நீக்கி, நன்கு உலர்த்திய பின்னரே காப்புப் பூச்சு இடவேண்டும்.

ஆயினும், மாணவர்களே, வண்டித் தகட்டைச் சுரண்டுவதுபோல வாளைச் சுரண்டலாகாது. புதைந்த இரும்பின் துருவில் துணியின் இழையும் மரப்பிடியின் வரியும் பதிந்திருப்பதுண்டு. ஆதிச்சநல்லூரிலும் துணியின் சுவடுகளை ரீ கண்டார். துருவை முற்றும் களைந்தால், நெசவறிந்த மக்களின் சான்றும் உடன் மறையும்.

இத்தகைய பணிக்கென்றே 1930-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் தோன்றியது. பொருளைப் பளபளப்பாக்குதல் அதன் நோக்கமன்று; அழிவை நிறுத்திச் சான்றைக் காத்தலே நோக்கம். எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்னும் தெளிவே வரலாற்று மாணவனுக்கும் முதற்பாடம்.