நுரை வந்த வழி



சென்ற மாதம் கைகழுவும் தொட்டியில் பொங்கி நின்றதைக் காட்டி, "இதுக்கு என்னம்மா பேரு?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். "பபுள்ஸ், சார்." "வீட்டில?" "வீட்லயும் பபுள்ஸ்தான்!" எனக்குக் கோபம் வரவில்லை. அவசரத்தில் நானும் அப்படிச் சொல்கிறவன்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

சோப்பு வந்த பிறகுதான் நுரை வந்தது என்று நினைக்காதீர்கள். சோப்பு ஆங்கிலம் தந்த சொல். மலாய்க்காரர்களின் 'சாபுன்' அரபுமொழி வழியே வந்தது. இரண்டுமே லத்தீன் 'சாப்போ'வுக்கு உறவு. நுரையோ நம் வீட்டிலேயே பிறந்தது. மலையாளத்தில் நுர, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு. அண்ணன் தம்பி நாலு வீட்டிலும் ஒரே பாத்திரம் இருந்தால், அது பாகம் பிரிப்பதற்கு முந்திய சொத்து அல்லவா?

சோப்பு இல்லாத காலத்தில் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரை தந்தன. அலையும் அருவியும் அதற்கு முன்பே தந்தன. குறுந்தொகையின் 290ஆம் பாட்டைப் பாடிய புலவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாறையில் மோதி மெல்ல மெல்ல இல்லாமல் போகும் சிறு நுரையைப்போலத் தான் கரைவதாக அவர் ஒரு பெண்ணைப் பேச வைத்தார். அந்த உவமையையே பெயராக்கி, கல்பொருசிறுநுரையார் என்று அவரை அழைத்தார்கள். நுரை கரைந்துவிடும்; பெயர் கரையவில்லை, பாருங்கள்!

நம் நெஞ்சுக்குள்ளும் அது இருக்கிறது. காற்று நிறைந்து மெத்தென்று இருப்பதால் நுரையீரல். ஆட்டு நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். சமையல்கட்டில் கண்ட தாய்மார்கள் சொல்வார்கள்.

இந்த வடக்குப் பகுதியில் லிம் நீ சூன் (1879–1936) ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்தார். மார்சிலிங் என்பதும் அவருடைய சீனப் பூர்வீக ஊரின் பெயர் என்பார்கள். ரப்பர்ப்பாலில் அமிலம் கலந்ததும் மேலே கட்டும் நுரையை வழித்தெடுக்க வேண்டும். விட்டால் ஷீட்டில் குமிழி விழும், விலை குறையும். தோட்டத்து வேலை தெரிந்த தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் இன்று மாலையே கேளுங்கள். 'வாயில நுரை தள்ள' உழைத்த கதையும் சேர்ந்து வரும்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "அப்ப தே தாரிக் மேல நிக்கிறதும் நுரைதானா, சார்?"

"ஆமாம்மா. அதுவும் நுரைதான்."