'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் காசும்

சொல்வரலாறு ஆராயப் புகுவார்க்கு ஒலியொப்புமை நல்லதொரு வழிகாட்டி; ஆயின், சிலபோது அதுவே வழிமயக்கியும் ஆகும். ஆங்கிலத்திற் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் சொல் தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே என மேடைகளிற் கூறக் கேட்கின்றோம். யானும் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்க்கு அவ்வாறே உரைத்ததுண்டு. பின்னர் அகராதிகளை ஒப்பிட்டு நோக்கியபோது, அக்கூற்றில் உண்மையும் பிழையும் விரவிக் கிடத்தல் புலனாயிற்று. இதனை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

பல பொருள் குறித்த ஒரு சொல்லை நம் இலக்கண நூலார் நன்கறிவர். மதியைக் குறித்த 'திங்கள்' மாதத்தையும் குறித்தல் அத்தகையது. ஆண்டுச் சொல் ஒன்றே, பொருள் விரிந்தது. எண்ணைக் குறிக்கும் 'ஆறு', நதியைக் குறிக்கும் 'ஆறு' என்பனவோ வெவ்வேறு சொற்கள். வடிவால் மட்டுமே ஒத்தன. ஆங்கிலக் 'கேஷ்' இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அவ்வடிவின்கண் இரு சொற்கள் உறைகின்றன.

முதலாவது, கைப்பணத்தைக் குறிக்கும் 'கேஷ்'. இதன் மூலம் 'பெட்டி' எனப் பொருள்படும் 'காப்சா' என்னும் இலத்தீன் சொல். அது 'கொள்ளுதல்' என்னும் பொருளுடைய 'காப்பெரே' என்னும் வினையடியாகப் பிறந்தது. இத்தாலியத்தில் 'காசா' எனவும், பிரெஞ்சில் 'கேஸ்' எனவும் உருத்திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் புக்கது. அக்காலத்து அது பணப்பெட்டியையும், பெட்டியுள் இருந்த பணத்தையும் ஒருங்கே குறித்தது. பின்னர்ப் பெட்டிப் பொருள் வழக்கொழிந்தது. பணப் பொருளே நிலைத்தது. இடத்தின் பெயர் அதன்கண் உள்ள பொருளுக்கு ஆகிவந்தமையின், நம் மரபில் இதனை இடவாகுபெயர் எனலாம். இச்சொல்லிற்குத் தமிழொடு யாதொரு தொடர்பும் இல்லை.

இரண்டாவது, கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்'. இதுவே நம் காசு. யூல், பர்னல் என்னும் அறிஞர் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம், தமிழ்க் காசினின்றோ, கொங்கணி வடிவம் ஒன்றினின்றோ போர்த்துக்கேசியர் 'கைஷா' என்னும் சொல்லை அமைத்தனர் என்றும், அதனின்று ஆங்கிலேயர் 'கேஷ்' என்பதைக் கொண்டனர் என்றும் கூறும். காசினை வடமொழிக் 'கர்ஷ' என்னும் நிறைப்பெயரொடு இயைத்தல் அந்நூலார் கருத்து. ஆயின், குறுந்தொகை 67ஆம் பாட்டில் பொன்னணியில் நாண் கோக்கப்பெறும் உருண்டையே காசு எனப்படுகிறது. கிளி தன் வளைந்த அலகிற் கொண்ட வேம்பின் பழத்திற்கு அஃது உவமையாயிற்று. நிறையைக் குறித்த சொல்லே காசாயிற்று என்பார் இவ்வணிகலப் பொருளுக்கும் விடை கூறுதல் வேண்டும்.

அணியினின்று நாணயத்திற்குச் சென்ற காசு, சோழர் காலத்திற் பெருமதிப்புற்றது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், கோயில் முதலாக வைத்த காசு ஒன்றிற்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி வகுக்கப்பட்டமை காண்கிறோம். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது இக்காலக் கணக்கு. ஐரோப்பியர் வந்த காலத்தோ காசு செப்புச் சில்லறையாய்த் தாழ்ந்திருந்தது. அத்தாழ்ந்த காசே கடல் கடந்தது.

கடந்த வழியில் நிகழ்ந்தது நோக்கத்தக்கது. போர்த்துக்கேசிய மொழியில் 'கைஷா' என்பது பெட்டியின் பெயராய் முன்னரே இருந்தது. அதுவும் 'காப்சா'வின் வழித்தோன்றலே. தமிழ்க் காசு அம்மொழியிற் புகுங்கால், செவிக்குப் பழகிய அவ்வுருவையே பூண்டது. எனவே, இரு சொற்களும் முதலில் ஒன்றியது இலண்டன் அன்று. போர்த்துக்கேசியர் நாவிலேயே ஒன்றின. போர்த்துக்கேசியர் அப்பெயரைச் சீனம், மலாய்த் தீவுகள் ஆகியவற்றின் துளைக்காசுகளுக்கும் இட்டனர். லின்சோட்டன் என்னும் டச்சுக்காரரின் பயணநூல் 1598இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டபோது, சுந்தா நாட்டுச் செப்புக்காசு 'கைஷா' என்றே குறிக்கப்பெற்றது. சீனர் தம் நாணயத்தை ஒருபோதும் அப்பெயரால் அழைத்திலர். எனினும், அதற்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயர் அதுவே.

சென்னையில் ஆங்கில வணிகக் குழுவினர் இப்பெயரை முறைப்பட வழங்கினர். 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன்; ஆகவே வராகன் ஒன்றிற்கு 3,360 காசு. 1803இல் இங்கிலாந்தில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பப்பெற்ற செப்பு நாணயத்தில் 'இருபது கேஷ்' என்னும் பொறிப்பு உண்டு. இம்முறை 1818 வரை நிலவியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்னும் கணக்கு அதன் பின்னும் நெடுங்காலம் நின்றது.

இவற்றொடு மயங்கும் வேறொரு சொல்லும் உண்டு. பணம் காப்போனைக் குறிக்கும் 'கேஷியர்' பெட்டிச் சொல்லின் வழியது. படையினின்று இழிவுபட நீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினையோ, 'வெறுமை' எனப் பொருள்படும் 'காசுசு' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு, டச்சு மொழிகளின் வாயிலாக வந்தது. 1585இல் ஆங்கிலப் படை நெதர்லாந்துப் போரிற் கலந்துகொண்டது. ஆண்டுப் பயின்ற படைமொழியே தாயகம் திரும்பியது என்பர் அகராதியார். சேக்சுபியர் தம் 'ஒதெல்லோ' நாடகத்திற் பதவியிழந்த காசியோவைப் பற்றி இவ்வினையை ஆண்டுள்ளார். பெட்டியைக் காப்பவனுக்கும் பதவியினின்று எறியப்படுவதற்கும் சொல் ஒன்றுபோல் நிற்றல் தற்செயலே.

இதனால் அறியத்தகுவது யாது? ஒலியும் பொருளும் ஒத்த அளவில் ஒரு சொல்லை மற்றொன்றின் வழித்தென முடிவு செய்தல் ஆகாது. எந்நூற்றாண்டில், எம்மொழியின் வாயிலாக, எப்பொருளோடு சென்றது என்னும் மூன்றும் காட்டப்படல் வேண்டும். பணப் பொருட் 'கேஷ்' அவ்வாய்வில் நம்மதாகவில்லை. நாணயப் பொருட் 'கேஷ்' நம்மதென்பதற்கோ நூற்சான்றும் நாணயச் சான்றும் உள. இல்லாத உரிமையைக் கொண்டாடுவோர், உள்ள உரிமையையும் பிறர் ஐயுறச் செய்வர்.

இன்று நாம் 'கேஷியர்' என்பதைக் 'காசாளர்' எனப் பெயர்த்துள்ளோம். நேர்ப்பொருள் நோக்கின் 'பெட்டியாளர்' என்றே வந்திருத்தல் வேண்டும். போர்த்துக்கேசியர் நாவிற் காசு பெட்டியின் உருவைப் பூண்டது. நம் நாவிற் பெட்டிச் சொல் காசின் உருவைப் பூண்டுள்ளது. பெயர்ப்பு இனிதே, வழக்கிலும் வேரூன்றிவிட்டது. ஆயினும், அதனைச் சான்றாக்கிச் சொற்பிறப்புக் கூறுவார் உளராயின், அவர்க்கு இவ்வரலாற்றை எடுத்துரைத்தல் தமிழ் பயில்வார் கடன்.